மூட் போர்டு என்னும் திரைச்சீலை

ஒரு படத்தை எடுக்கப் புறப்படுகிறவர், கதையை எழுதி முடித்தாரோ இல்லையோ, அந்தப் படம் கண்ணுக்கு எப்படித் தோன்றப் போகிறது என்பதைப் பிறருக்குக் காட்டும் பொருட்டு, வேறு படங்களிலிருந்து பிடித்த நிலைக்காட்சிகளையும் புகைப்படங்களையும் ஓவியப் பிரதிகளையும் துணி மாதிரிகளையும் வர்ணச் சதுரங்களையும் ஒரே பலகையில் அடுக்கி வைத்து, இதுதான் என் படத்தின் லுக் என்று சொல்லியாக வேண்டும் என்பது இன்றைய சினிமா உலகில் ஏறக்குறைய ஒரு சாஸ்திர விதியாகவே ஆகிவிட்டது. மூட் போர்டு என்று இதற்குப் பெயர். கோடம்பாக்கத்துத் தயாரிப்பாளரிடம் கதை சொல்லப் போகிறவர் முதல், கோயம்புத்தூர்க் கல்லூரியில் பத்து நிமிஷக் குறும்படம் எடுக்கத் துடிக்கும் மாணவர் வரையில், இந்தப் பலகை இல்லாமல் வாய் திறப்பவரைக் காண்பது அரிதாகிக்கொண்டு வருகிறது. பலகை இல்லாதவரைத் திட்டமில்லாதவர் என்றும், பார்வையே இல்லாதவர் என்றுங்கூடச் சொல்லத் துணிகிறார்கள். இந்த அபிப்பிராயத்தை நான் மறுக்கிறேன். படத்தின் தோற்றத்தை முன்கூட்டிச் சிந்திக்க வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிறர் பார்த்து முடித்தவற்றைக் கத்தரித்து ஒட்டுவதற்குச் சிந்தனை என்று பெயர் கொடுப்பதில்தான் என் சண்டை.

எதிர்க்கட்சிக்காரரின் வாதத்தை முதலில் அதன் முழுப் பலத்தோடு எடுத்து வைத்துவிட வேண்டும். சோகம் கவிந்த மாலை வெளிச்சம் என்று இயக்குநர் வாயால் சொன்னால், ஒளிப்பதிவாளர் மனத்தில் ஒரு மாலையும் கலை இயக்குநர் மனத்தில் வேறொரு மாலையும் தோன்ற, உடைகளுக்குப் பொறுப்பானவர் மனத்தில் மாலை என்பதே தோன்றாமல் போகக்கூடும். வார்த்தைக்கு இருக்கும் இந்தத் தெளிவின்மை படத்துக்கு இல்லை. ஆகவே நூறு பேர் சேர்ந்து செய்யும் வேலையில் எல்லோருக்கும் பொதுவான பாஷையாகப் படங்களே இருக்க வேண்டும் என்கிறார்கள். படப்பிடிப்பு நடக்கும் ஒவ்வொரு நாளும் பணம் கரைகிறது, அங்கே போய் யோசிக்க அவகாசம் இல்லை என்கிறார்கள். சத்யஜித் ராய் செய்யவில்லையா, குரோசாவா செய்யவில்லையா, குப்ரிக் செய்யவில்லையா என்று பெரிய பெயர்களையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். எதுவும் பலிக்காதபோது, அது ஒரு தொடக்கம்தான், யாரும் அதை அப்படியே பின்பற்றுவதில்லை என்று கடைசியாக ஒரு சமாதானம் சொல்கிறார்கள். இந்தக் கடைசிச் சமாதானம்தான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. ஆகையால் அதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

முதலாவதாக, இது ஒரு நவீன யுக்தி என்று இவர்கள் பெருமைப்பட்டுக்கொள்வதைக் கேட்டால், நம் நாடகக் கம்பெனிகளின் சரித்திரம் அறிந்தவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். பார்ஸி நாடகக் கம்பெனிகளிடமிருந்து நம்மவர்கள் கற்றுக்கொண்ட விஷயங்களில் வர்ணம் தீட்டிய திரைச்சீலை முக்கியமானது. காட்டு சீன், தெரு சீன், தர்பார் சீன், நந்தவன சீன் என்று சில சீலைகளைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு, கம்பெனிகள் ஊர் ஊராகப் போயின. அரிச்சந்திரன் நாடு துறந்து நடந்த காடும், நளன் தமயந்தியைத் தூங்கவிட்டு ஓடிய காடும், வள்ளி தினைப்புனம் காத்த காடும் ஒரே காடாகத்தான் இருந்தன. சீலையை எழுதிய சித்திரக்காரரின் கைத்திறனில் குற்றமில்லை. அவர் எழுதியபோது மனத்தில் இந்த மூன்று கதைகளில் எதுவுமே இல்லை என்பதுதான் குற்றம். இன்றைய பலகையில் ஒட்டப்படும் பனி படர்ந்த வீதியும் மஞ்சள் விளக்கெரியும் ஜன்னலும் இந்தச் சீலைகளின் பேரப்பிள்ளைகளே.

ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வெளிவந்த வர்ணப் படங்களை இதற்கு இன்னொரு பிரமாணமாகச் சொல்லலாம். இந்தியாவில் கதைப்படம் எடுக்க 1913இல் வழிகாட்டிய பால்கே, அதற்கு முன்னால் அந்த அச்சகத்தில் வேலை பார்த்தவர். அன்று தொடங்கி எத்தனையோ ஆண்டுகள், புராணப் படம் எடுத்தவர்கள் எல்லோருடைய சுவரிலும், எழுதப்படாத மூட் போர்டாக அந்த அச்சுப் படங்களே தொங்கின. தாமரையும் யானையும் சரிகைச் சேலையுமாக லட்சுமிக்கு ஒரு தோற்றம் நிலைத்துவிட்டது. நடிகை மாறினாலும் லட்சுமி மாறவில்லை. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளை நித்தியமும் பார்த்து வளர்ந்த ஜனங்கள், திரையில் வேறு விதமான தெய்வத்தைப் பார்த்திருக்க முடியாதா? முடிந்திருக்கும், ஆனால் கையெட்டும் தூரத்தில் காலண்டர் இருந்தது.

கோயம்புத்தூர்க்காரர்களாகிய நமக்கு இந்த விஷயத்தில் பேச ஒரு தனி அதிகாரம் உண்டு என்று நினைக்கிறேன். ரயில்வேயில் வரைபடம் வரையும் உத்தியோகத்தில் இருந்துவிட்டுப் படம் காட்டப் புறப்பட்ட சாமிக்கண்ணு வின்சென்ட், 1914இல் வெரைட்டி ஹாலைக் கட்டியது இந்த ஊரில்தான். சென்ட்ரல் ஸ்டூடியோவில் 1947இல் ‘ராஜகுமாரி’யும், பட்சிராஜாவில் 1954இல் ஸ்ரீராமுலு நாயுடுவின் ‘மலைக்கள்ளன்’னும் உருவாயின. அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கென்று ஒரு தோற்றம் உண்டென்றால், அது பிலிமின் வேகக் குறைவாலும், அதற்காகக் கொளுத்த வேண்டியிருந்த பலத்த விளக்குகளாலும், நாலு சுவருக்குள் காட்டையும் அரண்மனையையும் எழுப்பியாக வேண்டிய நிர்ப்பந்தத்தாலும் வந்தது. வேண்டிப் பெற்ற அழகு அல்ல. ஆயினும் அது அவர்கள் கையிலிருந்த சாமான்களிலிருந்து முளைத்த அழகு.

கேமரா ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்தபோது திரைச்சீலையின் ஆட்சி முடிந்தது என்று எல்லோரும் நம்பினார்கள். ஆனால் நடந்தது வேறு. வெளியே வந்த கேமரா பொள்ளாச்சிக்கும் கோபிச்செட்டிபாளையத்துக்கும் போயிற்று. தென்னந்தோப்பும் வாய்க்காலும், கொடிவேரி அணையில் விழும் தண்ணீரும், பச்சை வயலும் கண்டு மகிழ்ந்தது. அதற்குப் பிறகு அங்கேயே தங்கிவிட்டது. எந்த ஜில்லாவில் நடக்கும் கதையானாலும் கிராமம் என்றால் அந்தப் பச்சைதான் என்று ஆயிற்று. தென்பாண்டி நாட்டின் வாடை வீசும் ‘தேவர் மகன்’ 1992இல் வந்தது. அதன் ஊரும் வீடும் பொள்ளாச்சிப் பக்கத்தில் கிடைத்தவை. அந்தப் படத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதில் ஒளிப்பதிவு செய்த பி.சி. ஸ்ரீராம் அந்த இடத்தைத் தம் கண்ணால் பார்த்தவர். அதற்குப் பின்னால் வந்தவர்கள் இடத்தைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தார்கள். கொங்கு நாடு முழுவதும் பச்சை என்று திருநெல்வேலியில் ஒருவர் நம்பினால் அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் நாட்டின் பெரும்பகுதி மழை மறைவுப் பிரதேசம். கிணற்றை இன்னும் ஆழம், இன்னும் ஆழம் என்று வெட்டிப் பிழைத்த சீமை. அந்தச் சோளக்காட்டையும், முள்வேலியையும், வெள்ளாடு மேயும் பொட்டலையும் எந்தப் பலகையிலும் காணோம். ஏனெனில் அவை முன்னே வந்த எந்தப் படத்திலும் போதிய அளவுக்கு இல்லை. இல்லாததை வெட்டி ஒட்ட முடியாது என்பது இந்த முறையின் அடிப்படையிலேயே உள்ள ஊனம்.

மதுக்கரையையே எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுச் சாலையில் அரை மணி நேரத்தில் வந்துவிடலாம். மேற்குத் தொடர்ச்சி மலை இந்த இடத்தில்தான் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. அந்த வழியாக ரயிலும் போகிறது, தேசிய நெடுஞ்சாலையும் போகிறது, யானையும் போகிறது. எல்லாவற்றுக்கும் முன்பிருந்தே காற்று வருகிறது. ஆனி ஆடியில் அந்தக் காற்று கேரளத்து மேகங்களை எங்கள் தலைக்கு மேலாக ஓட்டிக்கொண்டு வரும். மேகம் வரும், மழை வராது. கோயம்புத்தூர்ச் சமவெளியில் ஆண்டு முழுவதும் பெய்வது சராசரி 600 முதல் 700 மில்லிமீட்டர். கணவாய்க்கு அப்பால் பெய்வதோ அதைப்போல் மூன்று மடங்கு. ஆகையால் இங்கே ஆடி மாசத்து வெளிச்சம் என்பது நிற்காத வெளிச்சம். ஒரு வசனம் தொடங்கும்போது முகத்தில் வெயில் இருக்கும், முடிவதற்குள் நிழல் ஓடிவிடும். பலகையைக் கையில் வைத்துக்கொண்டு வருகிற ஒளிப்பதிவாளருக்கு இது ஒரு இடைஞ்சல். மேகம் நகரட்டும் என்று குடைக்குக் கீழே காத்திருப்பார், அல்லது வெயிலையே துணி கட்டி மறைத்துவிடுவார். பலகை இல்லாமல் வருகிறவருக்கு இதுவே ஒரு நடையைக் கற்றுக்கொடுக்கக்கூடும்: வெட்டாமல் நீளமாக எடு, நிழல் வந்து போகட்டும், பேசுகிறவனின் முகம் இருண்டு தெளிவதைக் கதையின் கணக்கில் சேர்த்துக்கொள் என்று.

மதுக்கரையின் இன்னொரு செல்வம் அதன் சுண்ணாம்புக் கல். 1930களில் இங்கே சிமெண்ட் ஆலை வந்ததே அதற்காகத்தான். கல் எடுத்த நிலம் வெளிறிக் கிடக்கிறது. ஒளிப்பதிவு தெரிந்தவர்களுக்கு இதன் பொருளைச் சொல்ல வேண்டியதில்லை, தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உச்சி வெயிலில் மனிதனைப் படம் பிடித்தால் கண்குழி இருண்டு, மூக்கின் நிழல் உதட்டில் விழும். அதைச் சரிசெய்யக் கீழிருந்து வெள்ளைத் தெர்மகோல் பலகையைப் பிடிப்பார்கள். கரிசல் மண் வெயிலைக் குடித்துவிடும். பல்லடத்துப் பக்கத்துச் செம்மண் வெயிலைச் சிவப்பாக்கித் திருப்பி அனுப்பும். வெளிறிய சுண்ணாம்புத் தரையோ தானே ஒரு தெர்மகோலாக இருந்து, நடுப்பகலிலும் கறுத்த முகத்தின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் ஏற்றும். நடுப்பகலில் கேமராவை மூடி வைக்க வேண்டும் என்ற பாடப்புத்தக விதி இந்த நிலத்தில் தளர்ந்துவிடும். சாயங்காலமோ இங்கே சீக்கிரம் வரும். மேற்கே மலை நிற்பதால், வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே தரையில் நிழல் பரவிவிடும். பொன் வெயில் நேரம் என்று எல்லாப் பலகையிலும் ஒரு படம் இருக்கிறதே, அந்த நேரத்தை இந்த ஊர் அவர்களுக்குக் கொடுக்காது. அதற்குப் பதிலாகத் திசை தெரியாத, நிழலே விழாத ஒரு வெளிச்சத்தை வெகுநேரம் கொடுக்கும். அதைக் கேட்டு வந்தவர் யாரும் இல்லை.

லொகேஷன் பார்க்க வரும் உதவி இயக்குநர் ஒருவர், கையிலிருக்கும் டேப்லெட்டில் அயல்நாட்டுப் படமொன்றின் காட்சியைக் காட்டி, இதே மாதிரி ஒரு இடம் வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டால் என்ன நடக்கும் என்று அடிக்கடி கற்பனை செய்து பார்ப்பதுண்டு.

“ஏனுங் தம்பி, இது எந்த ஊருங்க?”

“ஸ்காட்லாந்துங்க ஐயா.”

“அப்ப அங்கயே போயி எடுத்துப்போடலாமுங்களே? இங்கெதுக்குங்க வெயில்ல அலையறீங்க?”

இந்தக் கேள்விக்குத் திருப்தியான பதில் சொல்லக்கூடிய திரைப்படப் பள்ளி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

சாட்சிக்கு அழைக்கப்பட்ட பெரியவர்களை இனி விசாரிக்கலாம். ராய் ‘பதேர் பாஞ்சாலி’க்காக மையில் காட்சி காட்சியாக வரைந்த நோட்டுப் புத்தகத்தைத் தயாரிப்பாளர்களிடம் கொண்டு போய்க் காட்டினார் என்பது உண்மை. குரோசாவா, பணம் கிடைக்காத காலத்தில், ‘ககேமுஷா’வை முழுக்க முழுக்க வர்ணத்தில் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார் என்பதும் உண்மை, படம் 1980இல் வந்தது. ஆனால் இவ்விருவரும் செய்தது பலகைக்காரர்கள் செய்வதற்கு நேர் எதிரானது. அவர்கள் கதையைப் படித்துவிட்டு, இல்லாத ஒன்றைத் தம் கையால் காகிதத்தில் உண்டாக்கினார்கள். ராய் அந்த நாவலின் சிறுவர் பதிப்புக்குச் சித்திரம் போட்டவர். அந்தக் குழந்தைகளோடு வருஷக்கணக்கில் மனத்தில் பழகியவர். வரைகிற கை ஒவ்வொரு கோட்டிலும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: ஆள் எங்கே நிற்கிறான், வானம் எவ்வளவு, கதவு திறந்திருக்கிறதா என்று. கத்தரிக்கிற கைக்கு அந்தப் பிரயாசை இல்லை. முடிவுகளை வேறொருவன் எடுத்து முடித்திருக்கிறான். அதோடு, அவ்வளவு வரைந்த ராயுங்கூட நிலத்துக்குக் கட்டுப்பட்டார். 1952இல் நாணற்பூக் காட்சியைப் பாதி எடுத்துவிட்டு மறுவாரம் போனபோது மாடுகள் பூவை மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடி பூக்கும் பருவத்துக்காகக் காத்திருந்துதான் மீதியை எடுத்தார்.

குப்ரிக்கின் வழக்குச் சற்றுக் கடினமானது. அதை மழுப்பப் பார்ப்பது நியாயமாகாது. 1975இல் வெளிவந்த ‘பாரி லிண்டன்’ படத்துக்காக அவர் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியங்களின் பிரதிகளைச் சேகரித்தார்; அது மூட் போர்டு இல்லை என்று நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அந்த ஓவியங்களை அவர் என்ன கேள்வி கேட்டார் என்று பாருங்கள். மின்சாரம் இல்லாத காலத்து அறை இரவில் எப்படி இருந்தது என்று கேட்டார். அதாவது, அந்தக் கதை நடந்த காலத்தின் சாட்சியங்களாக அவற்றை எடுத்துக்கொண்டார். பதில் கிடைத்ததும் அதற்கேற்ற வர்ணத்தைப் பிற்பாடு பூசிக்கொள்ளலாம் என்று விடவில்லை. விண்வெளி ஆராய்ச்சிக்கென்று ஜெய்ஸ் கம்பெனி செய்த 0.7 துவாரமுள்ள லென்ஸைத் தேடிப் பிடித்து, கேமராவையே அதற்காகக் குடைந்து மாற்றச் செய்து, மெழுகுவர்த்தியின் வெளிச்சத்திலேயே எடுத்தார். கொங்கு நாட்டுக் கதையொன்றுக்கு அதே காலத்துப் புகைப்படங்களையும் ஆவணங்களையும் ஒருவர் திரட்டினால் நான் எழுந்து நின்று வரவேற்பேன். அவர் திரட்டுவதோ கொரியாவில் போன வருஷம் எடுத்த படத்தின் காட்சி. அதைக் கொண்டு எங்கள் தறிக்குடோனுக்கு வெளிச்சம் அமைக்கிறார். பக்கத்து வீட்டுக்காரியின் அளவு ரவிக்கையைக் கொடுத்துத் தைக்கச் சொன்னால் தையற்காரர் தைத்துத்தான் கொடுப்பார். போட்டுக்கொள்கிறவளுக்குத்தான் மூச்சு முட்டும்.

உயர்ந்த ஒளிநடை எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு நிரூபணம் இருக்கிறது. ராயின் ‘அபராஜிதோ’ 1956இல் வந்தது. காசியின் பழைய வீடொன்றின் முற்றத்தை, மழைக்குப் பயந்து, கல்கத்தா ஸ்டூடியோவில் செட்டாகப் போட்டார்கள். அந்த வீட்டு முற்றத்தில் மேலேயிருந்து மட்டும் வானத்து வெளிச்சம் இறங்கும், நிழலே விழாது. ஸ்டூடியோ விளக்குகளோ ஒவ்வொருவருக்கும் நாலைந்து நிழல்களைக் கொடுப்பவை. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை அதன் மேல் அடித்து, தெறித்து விழும் வெளிச்சத்தில் படம் பிடித்தார். இன்று உலகம் முழுவதும் சாதாரணமாகிவிட்ட அந்த முறையை அவர் வேறு படத்தில் பார்த்து எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டை உற்றுப் பார்த்ததும், ஒரு கஷ்டம் குறுக்கிட்டதும், ஒரு துணியும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. எங்களுக்கு இன்னும் அருகில் ஒரு சம்பவம் உண்டு. பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’யின் முடிவுக் காட்சி கேத்தி ரயில் நிலையத்தில் எடுக்கப்பட்டது, மழை அவருடைய திட்டத்தில் இல்லை என்றும், பெய்தபோது நிறுத்தாமல் எடுத்தார் என்றும் சொல்வார்கள். அந்த மழை இல்லாத முடிவை இன்று யாராவது நினைத்துப் பார்க்க முடியுமா?

இது ஒரு தொடக்கந்தானே என்ற சமாதானத்துக்கு இப்போது வருகிறேன். சங்கீதத்தில் இதைச் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. எடிட்டிங்கின்போது தற்காலிகமாக வேறொருவரின் இசையை வைத்து ஓட்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு. அதே குப்ரிக் ‘2001’ படத்துக்கு அப்படி வைத்துக்கொண்ட பழைய இசையோடு மனம் ஒன்றிப்போய், அலெக்ஸ் நார்த் என்பவர் புதிதாக இயற்றிக் கொடுத்ததை 1968இல் ஒதுக்கிவிட்டார். குப்ரிக் போன்ற பிடிவாதக்காரரே தற்காலிகத்துக்கு அடிமையானார் என்றால், முதல் படம் எடுக்கும் இளைஞர் பலகையிலிருந்து விடுபட்டு வருவார் என்று எந்த நம்பிக்கையில் சொல்கிறார்கள்? பார்த்துப் பழகியதை மனம் சரி என்று எண்ணத் தொடங்கிவிடுகிறது; பிறகு நிலம் காட்டுவதெல்லாம் பிழையாகத் தோன்றுகிறது. அந்தப் பிழையைத் திருத்தவும் இப்போது சாதனம் உண்டு. 2000ஆம் ஆண்டில் கோயன் சகோதரர்களின் படமொன்றுக்காக ரோஜர் டீக்கின்ஸ் மிசிசிப்பியின் கோடைப் பச்சையைக் கணினியில் உலர்ந்த மஞ்சளாக மாற்றியபோது, அது ஒரு கதைக்காகச் செய்த அபூர்வமான சாகசமாக இருந்தது. இன்று கணினியில் நிறம் திருத்தும் டிஐ அறையில் எந்த நிலத்தையும் பலகையின் நிறத்துக்கு மாற்றுவது நித்திய கர்மம். மதுக்கரையில் எடுத்தாலும் மாஞ்செஸ்டரில் எடுத்தாலும் வானம் அதே நீலப்பச்சை, முகம் அதே ஆரஞ்சு. நம் ஆட்களின் கறுப்புத் தோலுக்கு அந்த ஆரஞ்சு எப்படிப் பொருந்தும் என்று பலகையைத் தயாரித்தவர் யோசித்திருக்க நியாயமில்லை. அவருடைய மாதிரிப் படங்களில் அப்படிப்பட்ட தோலே இல்லை. இயந்திரத்திடம் வாக்கியம் சொல்லிப் படம் உண்டாக்கிக்கொள்ளும் புதுப் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். முன்பு பிறருடைய படத்தை ஒட்டினார்கள், இப்போது பிறருடைய படங்களின் சராசரியை ஒட்டுகிறார்கள்.

பொதுப் பாஷை என்ற வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் எல்லோரும் உடனே தலையாட்டுகிறார்கள் என்பது புரிந்துகொண்டதற்கு அத்தாட்சி ஆகாது. ‘சோகம் கவிந்த மாலை’ என்று வார்த்தையால் சொல்லிவிட்டு, எந்த மாலை, யாருடைய வீட்டில், விளக்கு ஏற்றியாயிற்றா என்று இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் ஒரு மணி நேரம் வாதாடினால், அந்தக் கருத்து வேற்றுமையிலிருந்து அந்தப் படத்துக்கே உரிய ஒரு மாலை பிறக்க வாய்ப்புண்டு. பலகை அந்த வாதத்தையே நடக்கவிடாமல் செய்கிறது. சௌகரியம் என்று அவர்கள் சொல்வது இதைத்தான்.

மிஞ்சியிருப்பது பணம் போடுகிறவரின் கவலை. எதையாவது கண்ணால் பார்க்காமல் அவர் எப்படி நம்புவார் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கதை நடக்கும் ஊருக்கு ஒரு சாதாரண கேமராவோடு போய், விடியலில், உச்சியில், மலைநிழல் விழுந்த பிறகு, அதே சுவரையும் அதே திண்ணையையும் எடுத்து வாருங்கள். நடிக்கப் போகிறவரை அந்தச் சுவரோரம் நிற்க வைத்தும் எடுங்கள். இயன்றால் ஆவணி வரை பொறுத்திருந்து காற்று அடங்கிய பின் இன்னொரு முறை எடுங்கள். பஸ் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் தவிர இதற்கு வேறு மூலதனம் வேண்டாம். இவற்றையும் ஒரு பலகையில் ஒட்டிக்கொண்டு போய் மேசைமேல் வைப்பதானால் எனக்கு விரோதமில்லை. அதைப் பார்த்துவிட்டு, இது எந்தப் படத்தில் வந்திருக்கிறது என்று தயாரிப்பாளர் கேட்டால், இன்னும் எதிலும் வரவில்லை என்று சொல்லலாம். அந்தப் பதிலுக்குப் பணம் தரத் தயங்குகிறவர், ஏற்கெனவே வந்த படத்துக்குத்தான் பணம் தரக் காத்திருந்தார் என்று அறிந்துகொண்டு வேறு கதவைத் தட்டலாம்.